வியாழக்கிழமைகளில் யப்பான் பாட்டு

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் நீலச் சேட் ஒன்றின் கொலரை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

கசெற் பாட்டுத்தான். பாஷை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல்! ஒரு சொல்லைப் பிடித்துத் தொண்டைக்குள் கொண்டுபோய், அங்கே கொஞ்ச நேரம் நடுங்கவிட்டு, பிறகு மெல்லக் கீழே இறக்கி வைக்கிற குரல். அயன்பொக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பாட்டுக்கு நடுவில் இன்னொரு சத்தம் வந்தது. அழுகை. மூக்கை உறிஞ்சுகிற அழுகை அல்ல. வாயைத் திறந்து, மூச்செடுத்து மூச்செடுத்து அழுகிற அழுகை.

வீட்டில் அந்த நேரம் கீழே நான், மேலே வீட்டுக்கார அம்மா ஹருகோ, அவ்வளவுதான். அவர் யப்பான்காரி. லண்டனுக்குப் பக்கத்தில் சட்டனில் அவர்களுடைய வீட்டில் நான் திங்களும் வியாழனும் போய்க் கூட்டித் துடைத்து, உடுப்பு அயன் பண்ணிக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசிப் பகுதி என்று நினைக்கிறேன். வெளியே ஈரக் குளிர். யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

படியடியில் போய் நின்றேன். ஒரு படி ஏறினேன். திரும்ப இறங்கினேன். ஒருவரின் அறைக் கதவைத் தட்டுகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதிலும் அழுகிற ஒருவரின் கதவை.

என் மனதில் ஒரே எண்ணம்தான் வந்தது. யப்பானில் இருந்து செய்தி வந்துவிட்டது. அவருடைய ஆட்கள் யாரோ போய்விட்டார்கள்.

மிச்சச் சேட்டுகளை முடித்தேன். பாட்டு நின்றது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹருகோ கீழே இறங்கி வந்தார். முகம் கழுவியிருந்தார், மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். செத்த வீட்டுக்காரி சிரிக்கிறாளே என்று நான் அயன்பொக்ஸின் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

கோட்டை மாட்டினேன். ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்று, போய் வருகிறேன் என்று, சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. சொன்னால் திரும்பவும் அந்த வீட்டுக்கு அதே மாதிரி ஒரு காரியத்துக்கு வரவேண்டி வரும் என்பார்கள். பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். மற்ற நாட்களில் நான் "பாய், பாய்" என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் போகிறவள். அன்றைக்கு ஹருகோ எனக்குக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினவர், தூக்கிய கையோடு வாசலில் நின்றார்.

தலை முழுகியது

தோர்ண்டன் ஹீத்தில் தம்பி வீட்டில் இருந்தேன் என்று இந்தத் தொடரில் போன கிழமை எழுதியிருந்தேன். அந்த வீட்டின் குளியலறைக் குளிரைப் பற்றியும் எழுதியிருந்தேன். அந்தக் குளிருக்குள்தான் அன்றைக்கு நேரே போய்த் தலையில் தண்ணீரை ஊற்றினேன். தம்பியின் மனைவி தவம் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"மச்சாள், இந்தக் குளிருக்குள்ள ஏன் தலை முழுகிறியள்?"

"செத்த வீட்டுக்குப் போட்டு வந்தனான்."

தவம் கதவைத் தட்டினாள்.

"ஐயோ, ஆர் செத்தது?"

"தெரியாது."

"ஆரெண்டு தெரியாமலே முழுகிறியள்?"

"வேலை செய்யிற வீட்டில. அந்த அம்மா அழுதவா."

"அவையள் யப்பான்காரர் எல்லே? அவையளுக்குத் துடக்கு இருக்கோ மச்சாள்?"

செத்த வீட்டுத் தீட்டைத்தான் துடக்கு என்கிறாள். "அவையளுக்கு இல்லாட்டிலும் எனக்கு இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாளி ஊற்றினேன்.

"தடிமன் பிடிச்சுதெண்டால் உங்கட யப்பான்காரி வந்து தைலம் பூச மாட்டா, சொல்லிப்போட்டன்" என்று தவம் குசினிக்குள் போய்விட்டாள். ஆனாலும் நான் வெளியே வரும்போது மிளகும் மல்லியும் போட்டு அவித்த தண்ணீர் மேசையில் இருந்தது. தவம் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும்.

இரண்டு பேருக்குமாக ஒரு பாஷை

ஹருகோவின் வீட்டு வேலை எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியால். அவளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை கிடைத்ததும், "அக்கா, நல்ல சனம். உங்களை மாதிரி வாயே திறவாதுகள்" என்று சொல்லி என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறி வெஸ்ட் குரொய்டனில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போக வேண்டும். ரயிலில் நான் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். இருந்தால் பக்கத்தில் வருகிறவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம்.

ஹருகோவின் கணவரை அவருடைய கொம்பனி சில வருசத்துக்கு லண்டனுக்கு அனுப்பியிருந்தது. விடிய இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஹருகோ என்னைவிட இளையவர். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வார். நானும் அப்படித்தான். முதல் நாள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததில், இந்த வீட்டில் வேலை செய்யலாம் என்று எனக்குப் பட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலிஸ் என்றால் சாமான்களின் பெயர், கிழமையின் பெயர், யெஸ், நோ, சொறி. ஹருகோவுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேரின் இங்கிலிசையும் சேர்த்துப் போட்டாலும் ஒரு முழு வசனம் வராது. கையும் கண்ணும்தான் மிச்சம் கதைத்தன. இங்கே நான் எழுதுகிற பேச்செல்லாம் அந்தத் துண்டு துணுக்கைத் தமிழாக்கியதுதான்.

அழ ஏலாத வீடு

இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. வாசிக்கிறவர்கள் கேட்டும் எழுதவில்லை. கூச்சம்தான். இந்தக் கிழமை எழுதாமல் முடியாது.

அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். மாதத்துக்கு ஒருக்கால் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் விடிய, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவர் ஏறின பஸ் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. ஊரில் சண்டைக் காலம் அது. வழியில் மறித்தார்கள் என்றார்கள். இறக்கினார்கள் என்றார்கள். சிலர் தப்பி ஓடினார்கள் என்றும் சொன்னார்கள். உடம்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

தேடக்கூடிய இடமெல்லாம் தேடினோம். அடுத்த வருசம் தம்பி என்னை லண்டனுக்குக் கூப்பிட்டான். பிள்ளை குட்டி இல்லாதவள் தனிய அங்கே என்ன செய்வது என்றான். வீட்டைப் பூட்டினேன். அவர் வந்தால் சொல்லும்படி அயல் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வந்த பிறகுதான் அது தொடங்கியது. நெஞ்சுக்கு நடுவில் ஒரு அடைப்பு. சோறு விழுங்கினால் அங்கே வந்து நிற்கும். டொக்டர் இரைப்பைக்கு மருந்து தந்தார். எனக்குத் தெரியும், அது இரைப்பை இல்லை. நான் அழவில்லை. அவர் போன நாளில் இருந்து ஒரு சொட்டும் அழவில்லை.

எப்படி அழுவது? எங்கள் பக்கத்தில் பெண் வாய்விட்டு அழுவது செத்த வீட்டில்தான். நான் அழுதால் அவர் செத்துவிட்டார் என்று நானே சொன்ன மாதிரி. பொட்டு வைத்துக்கொண்டு, தாலி போட்டுக்கொண்டு, இருக்கிற மனுசனுக்கு அழலாமா? ஒருக்கால் என் கண் கலங்கியதைத் தவம் கண்டுவிட்டாள். "விளக்கு வைக்கிற நேரத்தில கண்ணைக் கசக்காதேங்கோ மச்சாள். அண்ணை வாற மனுசன்" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். நானும் உடனே துடைத்துவிட்டேன்.

உண்மையாகவே செத்த செய்தி வந்தாலும் லண்டனில் நினைத்தபடி அழ ஏலாது. தவத்தின் மாமா ஊரில் காலமானபோது நாலைந்து பெண்கள் வந்து முன் அறையில் கட்டிப் பிடித்து அழுதோம். நான் வாயை அசைத்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் தட்டி, அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நல்ல மனுசன். அன்றில் இருந்து எங்கள் வீட்டில் அழும்போது துவாயை வாயில் வைத்துக்கொள்கிற வழக்கம் வந்தது.

ஆனபடியால்தான் ஹருகோ அப்படி அழுதபோது எனக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது.

சாப்பாட்டுக் கரியர்

செத்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சட்டனில் ஹருகோவுக்கு அயல் யார்? பக்கத்து வீடுகளில் கதவு திறந்து நான் கண்டதில்லை. நான்தான் அயல் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை விடிய எழும்பிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கொஞ்சம் மோர் எல்லாம் செய்து கரியரில் அடுக்கினேன். உறைப்பைக் குறைத்தேன். வெள்ளைச் சேலை உடுத்து, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். அன்றைக்கு ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்த ஹருகோவின் கையில் ஒரு பெட்டி இருந்தது. பூப்போட்ட கடதாசியில் சுற்றி, நாடா கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து அதை நீட்டினார். நானும் குனிந்து கரியரை நீட்டினேன். இரண்டு பேரும் வாசலில் குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றோம்.

"சொறி" என்றார் அவர்.

"சொறி" என்றேன் நான்.

"நீங்கள் கோபம். வியாழன். பாய் சொல்லவில்லை. நான் என்ன பிழை செய்தேன்?"

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று நாலு நாளாக யோசித்திருக்கிறார். கணவரைக் கேட்டு, மன்னிப்புக்காக விசுக்கோத்துப் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறார்.

"கோபம் இல்லை, கோபம் இல்லை" என்று கையை ஆட்டினேன். காதைத் தொட்டேன். மேல்மாடியைக் காட்டினேன். கண்ணில் இருந்து விரலைக் கீழே இழுத்துக் காட்டினேன். "நீங்கள் அழுதீர்கள். நான் கேட்டேன். யார் செத்தது?"

ஹருகோவின் கண் பெரிதாகியது.

"யாரும் இல்லை."

"அம்மா?"

"அம்மா இருக்கிறா."

"அப்பா?"

"அப்பா இருக்கிறார். எல்லாரும் இருக்கினம். நாய்கூட இருக்கு."

"அப்ப ஏன் அழுதீர்கள்?"

அவர் யோசித்தார். பிறகு வலு சாதாரணமாகச் சொன்னார்:

"வியாழக்கிழமை எண்டபடியால்."

நான் கரியரைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சேலை தெரிந்தது. தலை முழுகியது, சாப்பாடு சமைத்தது எல்லாவற்றையும் கையால் நடித்துக் காட்டினேன். விளங்கினதும் ஹருகோ வாயை மூடுகிறதையும் மறந்து சிரித்தார். படியில் குந்தியிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் குசினியில் இருந்து செத்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பை அவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். மூக்கு ஓடியது. "இதுவும் நல்லா அழவைக்குது" என்றார்.

எது எவ்வளவு அழுகை

அதற்குப் பிறகுதான் மேல்மாடி அறையை எனக்குக் காட்டினார். விசுக்கோத்துத் தகரம் ஒன்றில் கசெற்றுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் யப்பான் காதல் பாட்டு. தங்கை அங்கிருந்து அனுப்புகிறாளாம். ஹருகோ அவற்றை வகை பிரித்து வைத்திருந்தார். இது கண் மட்டும் நனைகிற பாட்டு. இது லேஞ்சி வேண்டிய பாட்டு; ஒரு கைக்குட்டையோடு முடியும். இந்த மூலையில் இருப்பது துவாய் வேண்டிய பாட்டு.

திங்கள் உடுப்புத் தோய்க்கிற நாள், புதன் கடைக்குப் போகிற நாள், வியாழன் அழுகிற நாள். முன்னெல்லாம் நான் வேலை முடித்துப் போன பிறகுதான் அழுவாராம்; அன்றைக்குப் பொறுக்க ஏலவில்லையாம். கணவரும் மகளும் வெளியே போன பிறகு யன்னலைச் சாத்தி, சின்னப் பாட்டில் தொடங்கிப் பெரிய பாட்டில் முடிப்பார். பிறகு குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஒரு துண்டு கேக் சாப்பிடுவார். அன்று இரவு நல்ல நித்திரை வருமாம். அடுத்த வியாழன் வரை ஒருவரிலும் எரிந்து விழ மாட்டாராம்.

"ஏன் அழுகிறீர்கள்? வீட்டுக்காரர் நல்லவர்தானே?"

"நல்லவர். கதைக்க மாட்டார்."

எனக்கு அது விளங்கியது.

முதல் வியாழக்கிழமை என்னைக் கதிரையில் இருத்திப் பாட்டுப் போட்டார். நான் நுனியில் இருந்தேன். அயன் பண்ணாத சேட்டுகள்தான் நினைவில் நின்றன. ஹருகோ அழுதார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் காதலுக்கு அழுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காதல் பாட்டென்றால் எங்கள் காலத்தில் ரேடியோவில் போகிற சினிமாப் பாட்டுத்தான். பெரியவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

பிறகு பிறகு பழகிவிட்டது. சேட்டுகளை முதலே முடித்துவிட்டு மேலே போவேன். ஹருகோ பாட்டின் கதையைக் கையால் சொல்லுவார். எல்லாப் பாட்டிலும் யாரோ ஒருவர் நிற்பார், யாரோ ஒருவர் போவார். பனி கொட்டும். பெண் சாராயக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தனிய இருப்பாள். குடிக்கிற பெண்ணா என்று முதலில் எனக்குச் சரியாகப் படவில்லை. பாட்டைக் கேட்ட பிறகு, பாவம் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் துவாய் மூலையில் இருந்து ஒரு கசெற்றை எடுத்தார். துறைமுகத்துப் பாட்டு. கப்பல் போகிறது. பெண் கரையில் நிற்கிறாள்.

"அவன் செத்துப் போனானா?" என்று கேட்டேன்.

"இல்லை. போனான்."

"திரும்பி வருவானா?"

"தெரியாது. பாட்டு முடிஞ்சுது."

"அப்ப அவள்?"

"நிற்கிறாள்."

திரும்பப் போடச் சொன்னேன். அந்த வீட்டில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான்.

இந்த முறை பாட்டைக் கேட்கவில்லை. எனக்கு மீன் குழம்பு நினைவு வந்தது. ஊரில் எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட பிறகு, அதே சோற்றுக் கோப்பையில்தான் நான் சாப்பிடுவேன். அந்தக் காலத்தில் அது வழக்கம். மீன் வாங்குகிற நாட்களில் நடுத்துண்டை அவருக்குத்தான் போடுவேன். அவர் அதைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, "வயிறு நிறைஞ்சிட்டுது" என்று எழும்பிவிடுவார். கலியாணம் கட்டின நாளில் இருந்து மீன் வாங்கின ஒவ்வொரு நாளும் அவருக்கு வயிறு அந்தத் துண்டுக்கு முன்னால் நிறைந்துவிடும். நானும் ஒன்றும் கேட்டதில்லை. அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதலில் முதுகு குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே பிடிபடவில்லை.

எங்கள் ஆட்கள் என்றால் ஓடிவந்து கட்டிப் பிடிப்பார்கள். ஹருகோ எழும்பினார். துவாயை என் மடியில் வைத்தார். பாட்டைத் திரும்பவும் முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு எனக்கும் கேக் வெட்டி வைத்திருந்தார். விழுங்கினேன். அது எங்கேயும் நிற்காமல் உள்ளே போனது.

அந்தப் பாட்டை இன்னொரு கசெற்றில் எனக்கும் பதிந்து தந்தார். அதை என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

தம்பி நாள் பார்த்தான்

இந்த வியாழக்கிழமைகள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பி என்னைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆர்ச்வே கோயிலுக்குப் போனால் என் நெற்றியைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் குசுகுசுக்கிற பெண்கள் இருந்தார்கள். "இவ இன்னும் பொட்டு வைக்கிறா, பாவம்" என்று ஒருத்தி சொன்னது தம்பியின் காதில் விழுந்துவிட்டது.

சில நாள் கழித்து வந்து முன்னால் இருந்தான்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஐயரோட கதைச்சனான். ஆளும் இல்லை, உடம்பும் இல்லை எண்டால் தர்ப்பையில உருவம் செய்து கிரியை செய்யலாமாம். வருசக் கணக்காப் போட்டுது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாம்."

நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தானை நான் குறைச்சுச் சொல்லேல்லை அக்கா. உங்களுக்காகத்தான். அது முடிஞ்சால் நீங்கள் ஒருக்கால் வாய்விட்டு அழலாம். உள்ளுக்க வைச்சு வைச்சு நீங்கள் செத்துப்போவியள்."

"ம்" என்றேன். எனக்கு அந்த ஒரு எழுத்துத்தான் வாயில் வரும். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்கு மறுமொழி சொல்ல, தம்பிக்கு முன்னால் எப்படி வாய் வரும்?

தவம் தர்ப்பையும் எள்ளும் வாங்க ஆள் சொல்லிவிட்டாள். புது வெள்ளைச் சேலை ஒன்றும் வந்தது. தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் பார்சல் இருந்தது. ஞாயிறு கழிந்தால் பொட்டு இல்லை, தாலி இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அவர் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். நானாகத் தீயை வைத்து அதை முடித்துவைக்கப் போகிறேனே என்பதுதான் மனதை அரித்தது.

அந்தக் கிழமை வியாழக்கிழமை ஹருகோவின் மகளுக்குக் காய்ச்சல். பிள்ளை வீட்டில் நின்றபடியால் பாட்டு இல்லை. ஹருகோ உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். நான் வேலையை முடித்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து கசெற்றை எடுத்தேன். முன் அறையில் தம்பியின் ரேடியோவில் போட்டேன். துவாயை எடுக்க மறந்துவிட்டேன்.

தவம் கடைச் சாமான்களோடு எப்போது கதவைத் திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. பைகள் விழுகிற சத்தம்தான் கேட்டது.

"ஐயோ மச்சாள்! செய்தி வந்திட்டுதோ? ஐயோ அண்ணை!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் அழ, அவளும் அழ, ரேடியோவுக்குள் யப்பான்காரியும் அழ, யார் யாருடைய சத்தம் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் தம்பி ஷிப்ட் முடிந்து வந்தான். வாசலிலேயே சுவரைப் பிடித்தான்.

"என்ன செய்தி? ஆர் சொன்னது?"

"செய்தி இல்லை" என்றேன்.

"அப்ப ஏன் அழுறியள்?"

"பாட்டு."

"என்ன பாட்டு?"

"யப்பான் பாட்டு."

தம்பி தவத்தைப் பார்த்தான். தவம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள்.

"அக்கா," என்றான் தம்பி மெல்ல, "இவ்வளவும் அடக்கிக்கொண்டு இருந்தனீங்கள். மூண்டு நாள் பொறுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அழலாம்."

எனக்கு அன்றைக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"செத்ததுக்கு நான் அழேல்லைத் தம்பி. எனக்கு அவரைப் பாக்க வேணும் போல கிடக்கு. அதுக்குத்தான் அழுறன்."

சொல்லிவிட்டு முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவரிடமே நான் சொல்லாத சொல். வயதில் இளைய தம்பிக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நிலம் பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது.

பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. தலைப்பை விலக்கிப் பார்த்தேன். தம்பி கோட்டைக்கூடக் கழற்றாமல் ரேடியோவுக்கு முன்னால் இருந்தான்.

"இது என்ன சொல்லுது?"

"கப்பல் போகுது. அவள் நிக்கிறாள்."

"ஆள் வருவானோ?"

"பாட்டில சொல்லேல்லை."

தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கேட்டான். "அத்தான்தானக்கா எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவர்" என்றான். "பிடிச்சிருக்கிறன், பிடிச்சிருக்கிறன் எண்டு சொல்லிச் சொல்லிக் கையை விட்டிட்டார். நான் திரும்பிப் பாக்கிறன், அங்க தூரத்தில நிண்டு சிரிக்கிறார்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

தவம் எழும்பி யன்னலைச் சாத்தினாள். விழுந்து கிடந்த வெங்காயங்களைப் பொறுக்கினாள். பாட்டு முடிந்ததும் என்னைக் கேட்காமலே கசெற்றைப் பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டாள்.

இரண்டாம் முறை பாட்டு முடிகிறதுக்கு முன்னால் தம்பி எழும்பிப் போனான். கொரிடோரில் ரெலிபோன் சுழற்றுகிற சத்தம் கேட்டது.

"ஐயா, நான் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமைக் காரியம் வேண்டாம்... இல்லை ஐயா, வேற நாளும் வேண்டாம்... செய்தி ஒண்டும் வரேல்லை."

மற்றப் பக்கத்தில் ஐயர் என்னைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். தம்பி கதவால் எட்டி என்னைப் பார்த்தான்.

"ஓம் ஐயா, அக்கா சுகமாத்தான் இருக்கிறா. இருந்து அழுறா."